பாட்டும் படமும் ஒரே கடையில்: பேண்ட்கேம்ப் தமிழ்க் கலைஞருக்கு எப்படி?

சொந்தமாகப் பாட்டு எழுதி மெட்டமைத்துப் பாடுகிற பலருக்குப் பாட்டோடு வேலை முடிவதில்லை. அட்டைப்படத்தைத் தாங்களே வரைகிறார்கள், கவிதை எழுதுகிறார்கள், புகைப்படம் எடுக்கிறார்கள், எல்லாவற்றையும் சேர்த்துச் சின்னதாகப் புத்தகம் போடுகிறார்கள். இப்படிப்பட்டவர்கள் கடை விரிக்க ஏற்ற இடம் பேண்ட்கேம்ப் என்ற இணையத்தளம்தான். அதன் குறைகளைத் தெரிந்துகொண்டேதான் இதைச் சொல்கிறோம். ஆனால் தமிழ்நாட்டிலிருந்து விற்பவர்களுக்கு அதில் பெரிய ஓட்டை ஒன்று உண்டு. பக்கத்துத் தெரு ரசிகர் அங்கே காசு கட்டி வாங்க முடியாது. அதை அடைக்கும் வழியையும் கீழே எழுதியிருக்கிறோம்.

பேண்ட்கேம்ப் 2008இல் தொடங்கிய அமெரிக்க நிறுவனம். கலைஞர் தன் பெயரில் பக்கம் திறக்கலாம், அதற்குக் கட்டணம் கிடையாது. பாட்டை ஏற்றி விலை வைக்க வேண்டும். கேட்பவர் வாங்கினால் கோப்பு அவருக்குச் சொந்தம். மாதக் கட்டணம் கட்டிக் கேட்கும் செயலிகளிலிருந்து இது அடிப்படையிலேயே வேறான ஏற்பாடு. அங்கே எத்தனை முறை ஒலித்தது என்று பார்த்துப் பணம் பிரிப்பார்கள். ஸ்பாட்டிஃபையில் 30 விநாடி ஓடினால் ஒரு தடவை என்று கணக்கு. இரண்டு நிமிடப் பாட்டுக்கும் நாற்பது நிமிடப் பாட்டுக்கும் அதே ஒரு தடவைதான். 2024இலிருந்து, 12 மாதத்தில் ஆயிரம் தடவையைத் தொடாத பாட்டுக்கு அங்கே உரிமைத்தொகையே இல்லை. தமிழில் தனியாகப் பாடுகிற ஒருவருக்கு ஒவ்வொரு பாட்டும் ஆயிரத்தைத் தாண்டும் என்று உறுதி சொல்ல முடியாது. ஆனால் அவரை மனதார விரும்பி 8 டாலர் கொடுக்கிற ஐம்பது பேர் இருக்கக்கூடும். பேண்ட்கேம்ப் அந்த ஐம்பது பேருக்கான கடை.

ஏன் பல கலைக்காரருக்கு இது பொருந்துகிறது என்று பார்க்க நல்ல உதாரணம் ஃபில் எல்வெரம். அமெரிக்காவில் வாஷிங்டன் மாநிலத்தின் அனகார்ட்டஸ் ஊர்க்காரர். முதலில் ‘மைக்ரோஃபோன்ஸ்’ என்ற பெயரிலும் 2003க்குப் பின் ‘மவுண்ட் ஈரி’ என்ற பெயரிலும் பாடுகிறார். புகைப்படக்காரர், கேலிச்சித்திரமும் வரைவார். ‘பி.டபிள்யூ. எல்வெரம் அண்ட் சன்’ என்று தன் பெயரிலேயே வெளியீட்டகம் வைத்திருக்கிறார். 2007இல் அவர் வெளியிட்ட ஒரு படைப்பு 132 பக்கக் கெட்டி அட்டைப் புகைப்படப் புத்தகம், கூடவே 10 அங்குல இசைத்தட்டு. எது முதன்மை, எது இணைப்பு என்று பிரிக்க முடியாத பொருள் அது. 2020இல் வந்த ஆல்பம் முழுக்க ஒரே பாட்டு, 44 நிமிடம் ஓடும். அதற்கான காணொளியில் புகைப்படங்களை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டே போவார். அவருடைய மனைவி ஜென்வியேவ் காஸ்த்ரே (2016இல் காலமானார்) சித்திரக்கதை ஓவியர், பாடகி. 2004இலேயே இசைத்தட்டும் அதே அகலத்துச் சித்திரக்கதைப் புத்தகமும் சேர்ந்த வெளியீடு அவருடையது. இப்படிப்பட்ட பொருளைப் பாட்டுச் செயலியில் வைத்தால் பாதி காணாமல் போகும். புத்தகக் கடையில் வைத்தால் மறுபாதி. எல்வெரமின் பேண்ட்கேம்ப் பக்கத்தை ஒருமுறை திறந்து, எதை எங்கே வைத்திருக்கிறார், விவரத்தை எப்படி எழுதியிருக்கிறார் என்று பாருங்கள். எந்த வழிகாட்டியையும்விட அது அதிகம் கற்றுத்தரும்.

இனிக் காசு. பாட்டுக் கோப்பு விற்றால் பேண்ட்கேம்ப் 15 சதவீதம் எடுத்துக்கொள்ளும். மொத்த விற்பனை 5,000 டாலரைத் தொட்டதும் அது 10 சதவீதமாகும். கையில் தொடுகிற பொருள் (புத்தகம், தட்டு, கேசட், சட்டை, அச்சோவியம்) எதுவானாலும் 10 சதவீதம். பணப் பரிமாற்றக் கட்டணம் இதற்கு மேல் தனி. இதைச் சரியாகப் புரிந்துகொண்டால் விலை வைப்பதில் சின்ன நன்மை உண்டு. 12 டாலர் புத்தகத்தையும் 8 டாலர் ஆல்பத்தையும் தனித்தனியாக விற்றால் ஒவ்வொன்றுக்கும் 1.20, ஆக 2.40 டாலர் போகும். அதே இரண்டையும் ‘புத்தகம், ஆல்பம் பதிவிறக்கத்துடன்’ என்று 20 டாலருக்கு ஒரே பொருளாக வைத்தால் 2 டாலர். வாங்குபவருக்கும் அது நல்லது. புத்தகம் தபாலில் வரும் வரை காத்திராமல் காசு கட்டியதும் பாட்டைக் கேட்கத் தொடங்கிவிடலாம்.

ஒற்றைப் பாட்டை 1 டாலருக்கு விற்பது கணக்குப்படி மோசம். பரிமாற்றக் கட்டணத்தில் சதவீதத்தோடு ஒரு நிலைத்தொகையும் சேர்ந்து வருவதால் சின்னத் தொகையில் கடிபடுவது அதிகம். மூன்று பாட்டையாவது சேர்த்துக் குறும்தொகுப்பாக 4 அல்லது 5 டாலருக்கு வையுங்கள். ‘விருப்பமிருந்தால் கூடுதலாகக் கொடுக்கலாம்’ என்ற பெட்டியில் டிக் இருக்கட்டும். கொடுக்க மனமுள்ளவரை நாமே தடுப்பானேன்.

ஏற்றும் வேலை. பாட்டுக் கோப்பு, ஒலித்தரம் குறையாத வடிவங்களான வேவ், ஏஐஎஃப்எஃப், ஃப்ளாக் மூன்றில் ஒன்றாக இருக்க வேண்டும். குறைந்தது 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ். எம்பி3 ஏற்க மாட்டார்கள், அது சரியும்கூட. கேட்பவர் வாங்கும்போது எம்பி3, ஃப்ளாக், ஏஏசி என்று வேண்டிய வடிவத்தை அவரே தேர்ந்தெடுக்கலாம். மூலம் நல்லதாக இருந்தால்தான் அது நடக்கும். புதுக் கணக்குக்கு ஒரு கோப்பு 291 மெகாபைட்டைத் தாண்டக் கூடாது. 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ் வேவ் என்றால் ஏறத்தாழ 28 நிமிடம் அதில் அடங்கும். 24 பிட் என்றால் 19 நிமிடம். 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் என்றால் ஒன்பது நிமிடம்கூட வராது. நீண்ட பாட்டு, கதைசொல்லல், கூத்துப் பதிவு வைத்திருப்பவர்கள் வேவை ஃப்ளாக்காக மாற்றி ஏற்றுங்கள். தரம் துளியும் குறையாது, அளவு பல நேரம் பாதிக்கு வந்துவிடும்.

பக்கத்தில் இலவசமாக ஒலிப்பது 128 கிலோபிட் எம்பி3. வாங்குமுன் எல்லாரும் கேட்பது அதைத்தான். ஜால்ரா, சலங்கை, கஞ்சிராவின் சில்லுச் சத்தம் எல்லாம் இந்த அளவில் மணல் தேய்ப்பதுபோல் ஆகிவிடும். ஏற்றுவதற்கு முன் உங்கள் கோப்பை நீங்களே 128க்கு மாற்றி, சாதாரணக் காதுமாட்டியில் கேட்டுப் பாருங்கள். சில்லு கரகரத்தால் கலவையில் அதைக் கொஞ்சம் தணிப்பதுதான் வழி. உச்ச அளவை மைனஸ் 1 டெசிபெலில் நிறுத்துங்கள். சுழியத்தை ஒட்டி வைத்த கோப்பு எம்பி3 ஆகும்போது உச்சங்கள் கோட்டைத் தாண்டி வெடிப்பு கேட்கும். ஒரு பாட்டு அடுத்ததில் இடைவெளியில்லாமல் கலக்கும்படி அமைத்திருந்தால் இணையத்தில் கேட்கும்போது நடுவே லேசாக அறுபடும். அப்படிப்பட்ட ஆல்பத்தில் முழுவதையும் ஒரே கோப்பாகவும் கடைசியில் ஒருமுறை சேர்த்துவிடுங்கள்.

அட்டைப்படம் குறைந்தது 1400க்கு 1400 பிக்சல், 10 மெகாபைட்டுக்குள். இந்தக் குறைந்த அளவோடு திருப்தியடைந்தால் பின்னால் சிக்கும். 1400 பிக்சல் 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) அச்சடித்தால் 12 சென்டிமீட்டருக்குத்தான் வரும், அதாவது சிடி உறை. நாளை அதே படத்தை 31 சென்டிமீட்டர் தட்டு உறையாக அச்சடிக்க 3,700 பிக்சல் தேவை. கையால் வரைந்ததை முதலிலேயே 600 டிபிஐயில் ஸ்கேன் செய்து மூலத்தைப் பத்திரப்படுத்துங்கள். ஸ்கேனரின் தானியங்கி வெளிச்சத் திருத்தத்தை அணைத்துவிடுங்கள். மெல்லிய நீர்வண்ணப் பூச்சை அது வெள்ளைக் காகிதம் என்று நினைத்து அழித்துவிடும். ஏற்றும் கோப்பு திரைக்கான எஸ்ஆர்ஜிபி நிறமுறையில் இருக்கட்டும். அச்சகத்துக்குக் கொடுத்த, அச்சு நிறமுறையான சிஎம்ஒய்கேயில் உள்ள கோப்பையே ஏற்றினால் நிறம் மாறித் தெரியும்.

இதில் தமிழ் எழுத்துக்கென்று ஒரு சங்கதி உண்டு. கைப்பேசியில் உங்கள் அட்டை கட்டைவிரல் நகம் அளவுக்குத்தான் தெரியும். அந்த அளவில் முதலில் மறைவது புள்ளி. ‘கண்’ என்று எழுதியிருப்பீர்கள், பார்ப்பவருக்கு ‘கண’. கையெழுத்தில் தலைப்பு எழுதுகிறவர்கள் புள்ளியை எழுத்தின் கோட்டுத் தடிமனைவிடப் பெரிதாக, எழுத்திலிருந்து கொஞ்சம் விலக்கி வையுங்கள். படத்தை 150 பிக்சலாகச் சுருக்கிப் பாருங்கள். புள்ளி தெரிந்தால் போதும்.

தமிழில் தலைப்பு வைத்தால் வேறொரு சிக்கலும் வரும். பேண்ட்கேம்ப் தலைப்பிலிருந்துதான் இணைய முகவரியை உருவாக்குகிறது, அதற்கு ஆங்கில எழுத்து மட்டுமே தெரியும். தலைப்பு முழுக்கத் தமிழில் இருந்தால் முகவரியின் கடைசியில் வெறும் சிறுகோடு நிற்கும். அடுத்த தமிழ் ஆல்பத்துக்குச் சிறுகோடும் 2 என்ற எண்ணும். அந்த முகவரியைப் பார்த்து எது எந்த ஆல்பம் என்று சொல்ல முடியாது, தேடுபொறிக்கும் அதில் பிடி கிடைக்காது. தமிழ்த் தலைப்புக்குப் பக்கத்தில் சாய்கோடு போட்டு அதே பெயரை ஆங்கில எழுத்திலும் எழுதுங்கள். முகவரி படிக்கும்படி அமையும், தமிழ் படிக்கத் தெரியாத புலம்பெயர் இளையவர்களும் பெயரைச் சொல்லித் தேட முடியும். இதை வெளியிடும் முன்பே செய்துவிடுவது நல்லது. வெளியிட்ட பிறகு மாற்றினால் முன்பே பகிர்ந்த இணைப்புகள் என்ன ஆகுமோ என்ற கவலை மிஞ்சும்.

ஒவ்வொரு பாட்டுக்கும் வரிகளை இட இடம் உண்டு. யூனிகோட் தமிழ் ஒழுங்காக வரும். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சிட்ட கோப்பிலிருந்து அப்படியே வெட்டி ஒட்டினால் ஆங்கில எழுத்துக் குவியலாகத்தான் தெரியும். அச்சகத்துக்கு அப்படிக் கொடுத்துப் பழகியவர்கள் முதலில் யூனிகோடுக்கு மாற்றுங்கள். மாற்றியபின் ஒருமுறை வரி வரியாகப் படியுங்கள், கொம்பும் துணைக்காலும் இடம் மாறுவது வழக்கம். பாட்டின் வரிகளை இடாமல் விடுவது பெரிய நஷ்டம். தமிழ்ப் பாட்டை வாங்குபவர் வார்த்தைக்காகத்தான் பெரும்பாலும் வாங்குகிறார்.

படமும் கவிதையும் போக வேண்டிய இடம் ‘போனஸ்’ பகுதி. ஆல்பத்தோடு பிடிஎஃப், படம், காணொளி எதையும் இணைக்கலாம். ஆல்பம் முழுதாக வாங்கியவருக்கு மட்டும் அது சேர்ந்து இறங்கும், ஒற்றைப் பாட்டு வாங்கியவருக்குக் கிடைக்காது. இதையே சாதகமாக்கிக்கொள்ளலாம். 24 பக்கச் சித்திரப் புத்தகம் பிடிஎஃபாக உள்ளே இருக்கிறது என்று ஆல்பத்தின் விவரத்தில் முதல் வரியிலேயே சொல்லுங்கள். பிடிஎஃபில் எழுத்துருவை உள்ளே பதித்துவிட வேண்டும், இல்லையென்றால் சில கருவிகளில் கட்டம் கட்டமாகத் தெரியும். ஆல்பம் ஜிப் கோப்பாக இறங்கும். கைப்பேசியில் அதைப் பிரிக்கத் தெரியாமல் ‘பாட்டு வரவில்லை’ என்று கேட்பவர்கள் இருப்பார்கள். ‘வாங்கியபின் பேண்ட்கேம்ப் செயலியில் நேராகக் கேட்கலாம், புத்தகத்துக்கு மட்டும் கணினியில் இறக்கிக்கொள்ளுங்கள்’ என்று ஒரு வரி எழுதி வைத்தால் இந்தத் தொல்லை பாதியாகும்.

அச்சுப் புத்தகத்தைப் பொருளாகச் சேர்க்கும் படிவம் எளிமையானதுதான். பெயர், விவரம், படங்கள், விலை, கையிருப்பு எண்ணிக்கை, எத்தனை நாளில் அனுப்புவீர்கள், எந்த நாட்டுக்கு எவ்வளவு தபால் செலவு. தவறு நடப்பது கடைசியில் உள்ள தபால் செலவில்தான். தபால் செலவில் சுழியம் என்று போட்டால் அது உங்கள் கையிலிருந்து போகும். நாட்டை விட்டுவிட்டால் அந்நாட்டுக்காரர் வாங்கவே முடியாது, ஏன் என்று உங்களுக்குச் சொல்லவும் மாட்டார், போய்விடுவார். குறைந்தது கனடா, பிரிட்டன், சிங்கப்பூர், மலேசியா, பிரான்ஸ், ஜெர்மனி, ஆஸ்திரேலியா, அமெரிக்கா இவற்றைத் தனித்தனியாகப் போடுங்கள். தமிழ் வாங்குபவர் இருக்கும் நாடுகள் இவை.

எடையை ஊகிக்க வேண்டாம், கணக்குப் போடலாம். ஏ5 அளவில் 32 உள்பக்கம், 100 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 100 கிராம்) தாள் என்றால் எட்டு ஏ4 தாள், 50 கிராம். 250 ஜிஎஸ்எம் அட்டை 16 கிராம். மடங்காமலிருக்க வைக்கும் அட்டையும் உறையும் சேர்ந்தால் 130 கிராம் பக்கம் வரும். நடுவில் பின் அடிக்கும் புத்தகத்தின் பக்கங்கள் நான்கின் மடங்காகத்தான் இருக்க முடியும் என்பதையும் வரையத் தொடங்கும்போதே நினைவில் வையுங்கள். 30 பக்கம் வரைந்துவிட்டுக் கடைசியில் இரண்டு பக்கத்தை எதையோ போட்டு நிரப்பினால் புத்தகத்தில் அது துருத்திக்கொண்டு தெரியும். 12 அங்குலத் தட்டு அனுப்புகிறவர்கள் தட்டை வெளியுறையிலிருந்து எடுத்து அதற்குப் பின்னால் தனியாக வைத்துக் கட்டுங்கள். உள்ளேயே இருந்தால் பார்சல் இடிபடும்போது தட்டின் விளிம்பு உறையின் ஓரத்தைக் கிழித்துவிடும். சித்திரை, வைகாசி வெயிலில் நிற்கும் வண்டிக்குள் தட்டு வளையும், அதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

சுங்கப் படிவத்தில் ‘பரிசு’ என்று எழுதாதீர்கள். விற்ற பொருளுக்கு விற்ற விலையையே எழுத வேண்டும். அமெரிக்காவுக்கு அனுப்புகிறவர்கள் கவனிக்க: 800 டாலருக்குக் கீழ் வரியில்லை என்ற பழைய சலுகை 2025 ஆகஸ்ட் 29 முதல் இல்லை. அமெரிக்கத் தபால் விலையை நிர்ணயிக்கும் முன் உங்கள் அஞ்சலகத்தில் அன்றைய விதியைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

இப்போது அந்த ஓட்டை. பேண்ட்கேம்ப் உங்களுக்குப் பணம் தருவது பேபால் என்ற இணையப் பணப் பரிமாற்றச் சேவை வழியாக. பேபால் 2021 ஏப்ரல் 1 முதல் இந்தியாவுக்குள் நடக்கும் பரிமாற்றத்தை நிறுத்திவிட்டது. வெளிநாட்டிலிருந்து வரும் பணத்தை மட்டும் இந்தியக் கணக்கு வாங்கும். விளைவு, டொராண்டோவில் இருப்பவர் உங்கள் ஆல்பத்தை நொடியில் வாங்குவார், தாம்பரத்தில் இருப்பவருக்குப் பணம் கட்டும் கட்டத்தில் தடைபடும். உங்கள் அமைப்பில் பிழை என்று தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். விதியே அப்படி.

பேபால் கணக்கு திறக்கும்போது தமிழர்களுக்கென்றே வரும் தலைவலி பெயர். பான் அட்டை, வங்கிக் கணக்கு, பேபால் மூன்றிலும் பெயர் ஒன்றுபோல் இருக்க வேண்டும். நமக்குத் தலைப்பெழுத்து. வங்கியில் ஒற்றை எழுத்தாக இருக்கும், பானில் அப்பா பெயர் முழுதாக விரிந்து நிற்கும். வங்கியில் பெயரைப் பான்படி திருத்திவிட்டுப் பிறகு பேபாலுக்குப் போங்கள். மேடைப் பெயரை பேண்ட்கேம்ப் பக்கத்தில் மட்டும் வைத்துக்கொள்ளலாம், பணக் கணக்கில் சட்டப்பெயர்தான். எதற்காகப் பணம் வருகிறது என்பதற்கான நோக்கக் குறியீட்டையும் கேட்பார்கள், அதை நிரப்பாமல் பணம் இறங்காது. வந்த பணம் தானாக ரூபாயாகி வங்கிக்குப் போகும். வெளிநாட்டுப் பண வரவுச் சான்றை மாதாமாதம் இறக்கி வையுங்கள், வருமான வரிக் கணக்குக்குத் தேவைப்படும்.

இலங்கையில் இருப்பவர்களுக்கு நிலைமை இன்னும் இறுக்கம். பேபாலில் அங்கிருந்து பணம் அனுப்ப முடிந்தாலும் பெற முடியாத நிலை நீண்ட காலமாக இருந்துவருகிறது. யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ இருந்து விற்க நினைப்பவர்கள், பெறும் வசதி இருக்கிறதா என்று பார்த்த பிறகே கடையைத் திறக்க வேண்டும்.

உள்ளூர் ரசிகருக்கான வழி பதிவிறக்கக் குறியீடு. எட்டு எழுத்து, நடுவில் சிறுகோடு. பேண்ட்கேம்பிலேயே வேண்டிய எண்ணிக்கையில் உருவாக்கிப் பட்டியலாக எடுத்துக்கொள்ளலாம். கேட்பவர் அதற்கென்று இருக்கும் பக்கத்தில் தட்டினால் ஆல்பம் அவருடையது. காசு பேண்ட்கேம்ப் வழியாகப் போகத் தேவையில்லை. அதனால் ஜிபே, ஃபோன்பே என்று யுபிஐயில் வாங்கிக்கொண்டு வாட்ஸ்அப்பில் குறியீட்டை அனுப்பலாம். இன்னும் நல்லது, குறியீட்டை அட்டையில் அச்சடித்துப் புத்தகத்துக்குள் வைப்பது. ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சியில் நண்பர்களின் அரங்கில் பத்துப் பிரதி வைத்தால்கூடப் போதும். வாங்குபவர் கையில் சித்திரப் புத்தகம் இருக்கும், அட்டையிலுள்ள குறியீட்டைத் தட்டினால் பாட்டு. பல கலை செய்கிறவருக்கு இதைவிடப் பொருத்தமான வடிவம் இல்லை.

அட்டை அச்சிடும்போது மூன்று விஷயம். ஒவ்வொரு அட்டையிலும் வெவ்வேறு குறியீடு வர வேண்டும், அதனால் அச்சகத்தில் ‘மாறும் தரவு அச்சு’ முடியுமா என்று கேளுங்கள். முடியாதென்றால் அட்டையைப் பொதுவாக அச்சடித்துக் குறியீட்டைச் சின்ன ஒட்டுத்தாளில் எடுத்து ஒட்டுங்கள். எழுத்தின் அளவு 10 பாயின்ட்டுக்குக் குறைய வேண்டாம். குறியீடு தட்டும் பக்கத்துக்கு கியூஆர் வையுங்கள், முகவரியையும் எழுத்தில் போடுங்கள். இலவசப் பதிவிறக்கத்துக்கு மாதம் 200 என்று வரம்பு உண்டு, கூடுதலாக வேண்டுமென்றால் காசு கொடுத்து வாங்க வேண்டும். நூற்றுக்கணக்கில் குறியீடு எடுக்கும் முன் உங்கள் இருப்பு எவ்வளவு என்று பாருங்கள். எந்த அட்டையை யாருக்குக் கொடுத்தீர்கள் என்று பட்டியலில் குறித்துவைத்தால், ‘வேலை செய்யவில்லை’ என்று யாராவது சொல்லும்போது உடனே மாற்றுக் குறியீடு தரலாம்.

வாங்குபவர் தரப்பிலும் ஒன்று. இந்தியாவிலிருந்து வெளிநாட்டுக் கலைஞரின் ஆல்பத்தை வாங்கத் தடையில்லை. ஆனால் 2020 மார்ச்சுக்குப் பின் தரப்படும் கார்டுகளில் வெளிநாட்டுப் பரிமாற்றம் அணைத்தே வரும். வங்கிச் செயலியில் அதைத் திறந்துவிட்டு முயலுங்கள்.

பேண்ட்கேம்ப் வெள்ளிக்கிழமை பற்றிப் பலருக்குத் தெரியும், நேரம்தான் தெரியாது. 2020 மார்ச் 20இல், பெருந்தொற்றில் கச்சேரிகள் நின்ற சமயம் தொடங்கியது. குறிப்பிட்ட சில வெள்ளிக்கிழமைகளில் நிறுவனம் தன் பங்கை விட்டுக்கொடுக்கும், பரிமாற்றக் கட்டணம் மட்டும் போகும். அந்த வெள்ளி அமெரிக்கப் பசிபிக் நேரப்படி நள்ளிரவில் தொடங்குகிறது. இந்தியாவிலும் இலங்கையிலும் அது பகல் 12.30, அவர்களுடைய குளிர்கால நேரத்தில் 1.30. லண்டனில் காலை எட்டு அளவில். ‘வெள்ளிக்கிழமை வாங்குங்கள்’ என்று பொதுவாக எழுதினால் காலையில் வாங்கும் ரசிகரின் பணத்தில் வழக்கமான 15 சதவீதம் போய்விடும். ‘இந்திய நேரப்படி வெள்ளி பகல் 1.30 முதல் சனி பகல் 12 வரை’ என்று எழுதுங்கள், எந்தப் பருவத்திலும் அது பொருந்தும்.

கண்டெடுக்கப்படுவது? இங்கே எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள். ‘தமிழ்’ என்ற குறிச்சொல்லையும் ஊர்ப் பெயரையும் கட்டாயம் போடுங்கள். ஆனால் அங்கே உலாவித் தமிழ்ப் பாட்டைத் தேடுகிறவர்கள் குறைவு. ஆட்களை நீங்கள்தான் அழைத்து வர வேண்டும். பேண்ட்கேம்பில் ஏற்றியது ஸ்பாட்டிஃபைக்கோ யூட்யூப் மியூசிக்குக்கோ தானாகப் போகாது, அதற்கு வேறு விநியோகஸ்தர் தேவை. இரண்டையும் சேர்த்தே செய்யலாம், தடையில்லை. உரிமை விஷயத்தில் மட்டும் தெளிவாக இருங்கள். பாரதியார் பாடல் பொதுவுடைமை, மெட்டு உங்களுடையதானால் தாராளமாக விற்கலாம். திரைப்பாடலை உங்கள் குரலில் பாடி விற்பதற்கு அனுமதி வேண்டும். பாடலாசிரியராகவும் இசையமைப்பாளராகவும் இருப்பவர்கள், அவர்களுக்கான உரிமைத்தொகையை வசூலித்துத் தரும் ஐபிஆர்எஸ் என்ற சங்கத்தில் உறுப்பினராவது தனி வேலை, பேண்ட்கேம்ப் அதைச் செய்துதராது.

கடைசியாக, கடையின் சொந்தக்காரர் மாறிக்கொண்டே இருக்கிறார் என்பதையும் சொல்ல வேண்டும். 2022 மார்ச்சில் எபிக் கேம்ஸ் என்ற காணொளி விளையாட்டு நிறுவனம் வாங்கியது. 2023இல் சாங்ட்ரேடர் என்ற இசை உரிம நிறுவனத்துக்கு விற்றது, அப்போது ஊழியர்களில் பாதிப்பேர் வேலை இழந்தார்கள். கலைஞர் பக்கங்கள் அப்படியே ஓடிக்கொண்டிருக்கின்றன, பங்கு விகிதமும் மாறவில்லை. ஆனாலும் அங்கே மட்டும் உங்கள் வேலையை வைத்திருக்காதீர்கள். மூலப் பதிவு, 600 டிபிஐ ஸ்கேன், பிடிஎஃபின் திருத்தக்கூடிய மூலம் மூன்றையும் இரண்டு வன்தட்டில், இரண்டு வீட்டில் வையுங்கள். வாங்கியவர்களில் சம்மதித்தவர்களின் மின்னஞ்சல் பட்டியலை மாதம் ஒருமுறை இறக்கிக்கொள்ளுங்கள். அதற்கான பொத்தான் உங்கள் பக்கத்தின் கருவிகள் பகுதியிலேயே இருக்கிறது.